பதினெட்டு டிகிரி அப்பாவுக்கு

எங்கள் வீட்டு ஊட்டியே, என் அப்பா,

நலமா என்று கேட்டு எழுதினால் நீயே சிரிப்பாய். அதனால் வேறு கேட்கிறேன். அங்கே ஃபேன் உண்டா? எத்தனையில் ஓடுகிறது? ரெகுலேட்டர் யார் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கிறது? போன முதல் நாளே சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்திருப்பாய் என்றுதான் நினைக்கிறேன்.

நான் இங்கே வெந்துகொண்டிருக்கிறேன். பங்குனி பிறந்துவிட்டது. மலை பகலெல்லாம் குடித்த வெயிலைச் சாயங்காலம் ஆனதும் அடி அண்ணாமலையில் நம் வீட்டுச் சுவர் மேல்தான் கொப்பளித்துத் துப்புகிறது. மொட்டைமாடியில் வற்றல் காய்கிறது, அதற்கு நேர் கீழே ஹாலில் நான் காய்கிறேன். வற்றலையாவது அம்மா பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்து வைக்கிறாள். என்னை யார் எடுத்து வைப்பது?

நான் சோகமாக இருக்கிறேன் என்று சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். சோகமும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எரிச்சல்தான் ஜாஸ்தி. நம் வீட்டில் இரண்டு கட்சி. நீயும் நானும் குளிர்க் கட்சி. அம்மாவும் தம்பி கதிரும் போர்வைக் கட்சி. (அவன் பேர்தான் கதிர். ஆள் சரியான குளிர்.) இரண்டு பக்கமும் சமபலம் என்பதால் ரிமோட் யாரிடமோ அவர் வைத்ததே சட்டம், ரிமோட் இருந்தது உன் தலையணைக்கு அடியில். அப்படி ஆட்சி நடத்திக்கொண்டிருந்த ஆள், ஒரு வைகாசி மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டாய். கட்சியில் மிச்சம் இருக்கும் ஒரே தொண்டரான உன் மகளின் கதி என்ன என்று யோசித்தாயா?

ஏசி வந்த கதையை நான் மறக்கவில்லை. கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் நாளெல்லாம் வேன் ஓட்டிவிட்டு, முதுகில் ஒட்டிய சட்டையோடு வருவாய். "பகல் பூரா எஞ்சின் மேல உக்காந்துக்கினு வரேன். வூட்லயாச்சும் மனுஷனா இருக்க உடுங்க" என்று சொல்லித்தான் வாங்கினாய். மாட்டிய அன்றைக்கே பதினெட்டில் வைத்தாய். "இது ரூமா, மீன் கடையா?" என்று அம்மா கத்தினாள். நானோ "பதினெட்டுப்பா, பதினெட்டு" என்று கட்டில் மேல் ஏறிக் குதித்தேன். அன்றிலிருந்து தினமும் நாலு பேரும் அந்த ஒரு ரூமில்தான் தூங்கினோம். போர்வைக் கட்சி அந்தக் கோடியில், நாம் ஏசிக்கு நேர் கீழே. பள்ளிக்கூடத்தில் நான் அதைச் சொல்லாத ஆள் கிடையாது. "எங்க வூட்ல பதினெட்டு" என்பதுதான் என்னைப் பற்றி நான் கொடுக்கும் அறிமுகம்.

உன்னை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியின் மோட்டார் ஹாலில் ஓடிக்கொண்டிருந்தபோது, அம்மா எழுந்து போய் அதைக் கொண்டுவந்த ஆளிடம் பேசினாள்.

"அண்ணா, கொஞ்சம் கம்மி பண்ணி வைங்களேன். அவருக்கு இவ்ளோ ஆகாது."

அத்தைகள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு மட்டும் கோபம் வந்தது. பதினெட்டில் தூங்குகிறவருக்கு இது ஆகாதா? எங்கள் கட்சியைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்?

அதற்குப் பிறகு உன் தலைத்திவசம் முடிந்த பிறகும்கூட அந்த ரூமை அம்மா திறக்கவே இல்லை. எல்லோரும் ஹாலுக்கு வந்தோம். ஹாலில் போர்வைக் கட்சியின் ஆட்சி. ஃபேன் இரண்டுக்கு மேல் போகக் கூடாது. கொசு வரும் என்று ஜன்னலும் சாத்தியாகிவிடும்.

"அம்மா, ஃபேன் சுத்துதா, இல்ல யோசிக்குதா?"

"சுத்துது, சுத்துது. அதையே பாத்துக்கினு இரு, தூக்கம் வரும்."

"மூணுல வைம்மா."

"கதிருக்கு மூக்கடைக்கும்."

"அவன் பொறந்ததே மூக்கடைப்போடதான்."

போர்வைக்குள் இருந்து ஒரு குரல் வரும். "அவள கெணத்துல போய்ப் படுத்துக்கச் சொல்லும்மா."

பள்ளிக்கூடத்திலாவது நிம்மதி உண்டா என்று கேட்காதே. பதினொன்றாம் வகுப்பை மேல்மாடியில் மேற்குப் பார்த்த அறையில் போட்டிருக்கிறார்கள். மத்தியானத்துக்கு மேல் பெஞ்சில் கை வைத்தால் தோசை ஊற்றலாம் போல இருக்கும். ஃபேனைப் போட்டால் விடைத்தாள் பறக்கிறது என்று ஒருவர் நிறுத்துவார், நிறுத்தினால் வேர்க்கிறது என்று இன்னொருவர் வந்து போடுவார். பள்ளிக்கூடத்திலேயே ஏசி இருக்கிற ஒரே இடம் கம்ப்யூட்டர் லேப். அதுவும் நமக்காக இல்லை, கம்ப்யூட்டர்களுக்காக. அவற்றுக்கு உடம்பு கெட்டுவிடக் கூடாதாம். அடுத்த பிறவியில் கீபோர்டாகப் பிறந்தாலும் பரவாயில்லை என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஆயுத பூஜைக்குத்தான் அம்மா மறுபடி நம் ரூமைத் திறந்தாள். நீ செய்வது போலவே எல்லாவற்றையும் துடைத்து, தண்ணி மோட்டார், மிக்ஸி, கேஸ் அடுப்பு, என் சைக்கிள், ஏசி, ரிமோட் என்று ஒன்று விடாமல் சந்தனம் வைத்தாள். அப்போது மழைக்காலம் தொடங்கிவிட்டதால் நான் பேசாமல் இருந்தேன். மாசி பாதியில் வெயில் ஏறியதும் ஆரம்பித்தேன். சாப்பிடும்போது கெஞ்சினேன், பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டுக் கெஞ்சினேன். ஏசி பற்றிப் பேசினாலே ஏசினாள். கடைசியில் தாங்க முடியாமல் ரிமோட்டை எடுத்து ஏசியைப் பார்த்து அமுக்கினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

புது பேட்டரி போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. நாற்காலி மேல் ஏறி நின்று, கிட்டே பிடித்து அமுக்கினேன். ம்ஹும். அம்மா என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கிக்கொண்டாள்.

"அவரோட சேந்து அதுவும் போயிடுச்சுடி. உடு."

"மெக்கானிக்க கூப்புடலாம்மா."

"உடுன்னு சொன்னேன் இல்ல?"

அடுத்த நாளே செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ரூம் வாடகைக்கு விடும் ஒருவரிடம் பேசிவிட்டாள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை, ரிப்பேர் பண்ணிக்கொள்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆளோடு வந்து கழற்றிக்கொண்டு போவதாகப் பேச்சு. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். அது சுவரை விட்டு இறங்கிவிட்டால் நீ தூங்கிய இடத்துக்கு மேலே ஸ்க்ரூ ஓட்டைகளும் ஒரு பைப் ஓட்டையும்தான் மிச்சம் இருக்கும். கட்சி ஆபீஸையே காலி பண்ணுகிறார்கள், நான் ஒருத்தி என்ன செய்ய முடியும்?

அந்தக் கடுப்பில் இருந்த வாரத்தில்தான் லேபில் அந்தச் சம்பவம் நடந்தது. அம்மா உன் படத்துக்கு முன்னால் நின்று ஒரு மாதிரி சொல்லியிருப்பாள். நடந்ததை நான் சொல்கிறேன்.

என் பக்கத்து சீட் பர்வீன் உனக்குத் தெரியும். நோன்புக் கஞ்சி கொண்டுவந்து கொடுப்பாளே, அவள்தான். அவளுடைய அண்ணனின் பழைய போன் ஒன்று சாப்பாட்டுப் பைக்குள் ஒளிந்து பள்ளிக்கூடம் வரும். அதில் ஒரு வசதி உண்டு. எந்த ஏசிக்கும் அது ரிமோட் ஆகும். கம்ப்யூட்டர் மிஸ்ஸுக்குக் குளிர் ஆகாது. லேப் ஏசியை இருபத்தெட்டில் வைத்துவிட்டு ரிமோட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொள்வார். இருபத்தெட்டில் வைப்பதற்கு எதற்கு ஏசி, நாங்களே வரிசையாக நின்று ஊத மாட்டோமா?

கடைசி பெஞ்சில் இருந்து அமுக்கினேன். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏசி 'பீப்' என்று காட்டிக் கொடுக்கும். அதனால் ஒவ்வொரு பீப்புக்கும் ஒரு இருமல் இருமினேன். இருபத்தாறில் மிஸ் முந்தானையை இழுத்துப் போர்த்தினார். இருபத்தொன்றில் அதைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டார்.

"யாருடி ஜன்னல தெறந்தது?"

"இந்த ரூம்ல ஜன்னலே இல்ல மிஸ்."

"அப்ப எனக்குத்தான் ஜொரமா?" என்று தன் கழுத்தைத் தானே தொட்டுப் பார்த்தார்.

பேராசைதான் என்னைக் கெடுத்தது. பதினேழோடு நிறுத்தியிருக்கலாம். பதினாறுக்குப் போகும்போது இருமல் பிந்திவிட்டது, பீப் முந்திவிட்டது. மிஸ் நேராக என்னைப் பார்த்தார்.

"யாருக்கு இருமல்?"

"எனக்குத்தான் மிஸ்."

"எப்பலேந்து?"

"இருபத்தெட்டுலேந்து மிஸ்."

வாய் அப்பா, வாய். அது உன் வாய். வகுப்பே மேஜை தட்டிச் சிரித்தது. போன் மிஸ்ஸின் மேஜைக்குப் போனது, எனக்கு ஏசி ஃபில்டரைக் கழுவும் வேலை கிடைத்தது, அம்மாவுக்கு அழைப்பு போனது.

மறுநாள் அம்மா வந்தாள். மிஸ் எல்லாவற்றையும் சொன்னார். நான் தலையைத் தொங்கப்போட்டு, முகத்தில் வருத்தம் தெரிகிற மாதிரி நின்றேன். அம்மா என்னைத் திட்டத்தான் வாயைத் திறந்தாள், ஆனால் வந்தது வேறு.

"ஏங்க மிஸ், உங்களுக்குமா குளிர் ஆகாது?"

"ஆகவே ஆகாதுங்க. வூட்ல அவரு ஃபேன அஞ்சுல வச்சிட்டு கொறட்ட உடுவாரு. நான் சமையல்ரூம்ல போய்ப் படுத்துக்குவேன்."

"ஐயோ, எங்க வூட்லயும் அதே கதைதாங்க. சுக்குத் தண்ணி குடிங்க, மூக்குக்கு நல்லது."

எதிர்க்கட்சிகள் என் கண் முன்னாலேயே கூட்டணி வைத்தன. கிளம்பும்போது போனை மிஸ் அம்மாவின் கையில் கொடுத்து, பர்வீன் வீட்டில் சேர்க்கச் சொன்னார்.

ஷேர் ஆட்டோவில் அம்மா அந்தப் போனையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குப் போனதும் அடி நிச்சயம் என்று நான் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். நம் தெரு முனையில் இறங்கி நடக்கும்போது, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"ஏண்டி, அந்த போன்ல நம்ம வூட்டு ஏசி ஓடுமா?"

நான் நடப்பதையே நிறுத்திவிட்டேன் அப்பா. 'உடு' என்று சொன்னவள் விடவில்லை. என்னைப் போலவே அவளும் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் புழுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இதை வாய் திறந்து சொன்னால் என்னவாம்? இந்த வீட்டில் எல்லோரும் ஏன் இப்படியே இருக்கிறீர்கள்?

சனிக்கிழமை பர்வீன் வந்தாள். ரூமுக்குள் நின்று போனை நீட்டி, கம்பெனி பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஒன்றுமில்லை. மறுபடி ஒன்றுமில்லை. அம்மா வாசற்படியில் நின்று, "போதும்மா, வா, வந்து டீ குடி" என்றாள்.

பீப்.

மூடி மெல்லத் திறந்தது. உள்ளே பழைய உறுமல். கதிர் எங்கிருந்தோ ஓடி வந்தான், பழக்கதோஷத்தில் பீரோவைத் திறந்து போர்வையை எடுத்தான். எடுத்த பிறகுதான் எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பர்வீன் இதையெல்லாம் கவனிக்காமல் ரிமோட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய் அருணா, இன்னாடி இது? ரிமோட்டுக்கு நெத்தியில பொட்டு?"

"பூஜைக்கு வச்சதும்மா. அழிக்கக் கூடாதுன்னு உட்டுட்டேன்" என்றாள் அம்மா.

"ஆன்ட்டி, அது நெத்தி இல்ல, கண்ணு. அந்தக் குட்டி பல்பு வழியாத்தான் அது ஏசிய பாக்கும். நீங்க கண்ணுல சந்தனத்த அப்பிட்டீங்க."

நீ ரிமோட்டுக்கு முதுகில்தான் சந்தனம் வைப்பாய், நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னதும் அம்மா, "முதுகுல யாராச்சும் பொட்டு வைப்பாங்களா?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். ஈரத்துணியால் ஒரு துடைப்பு. ரிமோட்டுக்குப் பார்வை வந்துவிட்டது. செத்துப்போனது என்று நாங்கள் எடுத்துக் கொடுக்க இருந்த ஏசிக்கு ஒரு தலைவலிகூட இல்லை.

பர்வீன் போனதும் நான் நேராகப் பதினெட்டில் வைத்தேன். அம்மா தடுக்கவில்லை. கதவைச் சாத்தினோம். நீ படுக்கும் பக்கத்தில், ஏசிக்கு நேர் கீழே, கையைக் காலை விரித்துப் படுத்தேன். முதலில் சுகமோ சுகம். வேர்வை காய்ந்தது. பிறகு காது மடல் சில்லிட்டது. பிறகு கால் விரல். பிறகு முட்டி. கட்சிக்காரி போர்வை கேட்கலாமா? பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அதுதான் தப்பாகப் போனது, பல் தன் பாட்டுக்கு அடிக்க ஆரம்பித்துவிட்டது.

"இன்னாடி, வெடவெடங்குற?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்குது."

"பல்லு தாளம் போடுது."

"அது சந்தோஷத்துல."

அம்மா சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரித்து நான் பார்க்கவில்லை.

"ஏண்டி, நீ பதினெட்டுலதான் தூங்கினேன்னு இன்னுமா நெனச்சிக்கினு இருக்க?"

"பின்ன?"

"நீ தூங்குற வரைக்கும்தான் பதினெட்டு. அப்புறம் ரயில்பூச்சி கணக்கா சுருண்டுக்குவ. உங்கப்பா உன் கால தொட்டுப் பாப்பாரு. சில்லுனு இருந்தா இருபத்தாறுக்கு ஏத்திடுவாரு. தெனமும் இதான் வேல."

"அப்ப அப்பாவுக்கு வேர்க்காதா?"

"அவருக்கும்தான் குளிரும். வேன உட்டு எறங்கி வந்ததும் கொஞ்ச நேரம் அந்தக் காத்து வேணும், அவ்ளோதான். நீதான் பதினெட்டு பதினெட்டுன்னு குதிச்ச. கொழந்த ஆசப்படுதுன்னுட்டு, நீ எழுந்துக்கறதுக்குள்ள மறுபடியும் பதினெட்டுல வச்சிட்டு வண்டி எடுக்கப் போயிடுவாரு."

அடப்பாவி அப்பா! தினம் தினம் கட்சி மாறிய தலைவரை இந்தத் தமிழ்நாட்டிலேயே நான் கேள்விப்பட்டதில்லை. காலையில் கண் விழித்து, அந்த நீல நிறப் பதினெட்டைப் பார்த்து, நாம் எப்பேர்ப்பட்ட ஆள் என்று பூரித்துப் போவேனே. பள்ளிக்கூடம் பூராவும் பீற்றிக்கொண்டேனே. ஒரு அப்பாவி மிஸ்ஸைக் குளிரில் நடுங்க வைத்தேனே. எல்லாம் எந்த நம்பிக்கையில்? சொல்லித் தொலைத்திருந்தால் நானும் இருபத்தாறுக்குக் கொடி பிடித்திருப்பேன். ஏன் சொல்லவில்லை? என் மனசு வாடக் கூடாது என்றா, இல்லை உனக்கும் இந்த விளையாட்டு பிடித்திருந்ததா? இப்போது நான் போய் யாரிடம் சண்டை போடுவது?

என் காலைத் தினமும் நீ தொட்டுப் பார்த்திருக்கிறாய். உன் கால் சில்லிட்டதை யார் பார்த்தது?

ஞாயிற்றுக்கிழமை அந்த ரூம்காரர் ஸ்பேனர் பிடித்த ஆளோடு வந்தார். "ஓடுதுங்க. குடுக்கறதா இல்ல" என்று அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அன்றிலிருந்து நாங்கள் மறுபடி உன் ரூமில்தான் தூங்குகிறோம். சண்டை மட்டும் தீரவில்லை. கதிருக்கு இருபத்தெட்டு வேண்டும். அம்மாவுக்கு ஏசியே வேண்டாம், ஆனால் அதை நிறுத்தவும் மனசு வராது. எனக்கு எது சரி என்று இப்போதுதான் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறேன். இப்போதைக்கு இருபத்துநாலு. இது உன் நம்பரும் இல்லை, அம்மா நம்பரும் இல்லை. கோபித்துக்கொள்ளாதே, நான் தனிக்கட்சி.

"இருபத்துநாலு போதுமாம்மா? குளிருதா?" என்று கேட்டால், அம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு "எனக்கொண்ணும் குளிரல, நீ தூங்கு" என்கிறாள். பொய் சொல்வதில் உங்கள் இரண்டு பேருக்கும் நல்ல பொருத்தம்.

அதனால் உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். அவள் தூங்கிய பிறகு அவள் காலைத் தொட்டுப் பார்ப்பேன். சில்லென்று இருந்தால் ஏற்றி வைப்பேன். காலையில் அவள் எழுவதற்குள் இருபத்துநாலில் திருப்பி வைத்துவிடுவேன். அவளுக்குத் தெரியவே தெரியாது. இதைப் படிக்கிறவர்கள் யாரும் அவளிடம் போட்டுக் கொடுக்காமல் இருந்தால் சரி.

இப்படிக்கு,
நீ ஏமாற்றித் தூங்கவைத்த உன் மகள்,
அருணா